குலுக்கைக்குள் பிரசங்கியார்

தானியம் கொட்டிவைக்கும் மண்குலுக்கைக்குள் ஓர் ஆள் இருக்கலாம் என்பது இன்று காலைவரை பிரசங்கியார் வேதக்கண்ணுக்குத் தெரியாது. நிற்கலாம், குந்தலாம், ஆனால் காலை நீட்ட வழியில்லை. நீட்டினால் எதிர்ச்சுவர் தடுத்து, முழங்கால் போடு என்கிறது. பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய் ஜனங்களை முழங்கால் போடச் சொன்னவனுக்கு இது வேண்டியதுதான். போன வெள்ளாமைக் கம்பின் தூசி மூக்கில் ஏறுகிறது. தும்மல் வருகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டால் தும்மல் காதுக்குள் போய் வெடிக்கிறது. தலைக்கு மேலே மண்மூடி. காலடியில், தானியம் அள்ளுவதற்கென்று விட்ட அடிவாய், ஒரு கை நுழையும் அளவு. அதை அடைத்திருந்த துணிப்பந்தை எடுத்துவிட்டுக் குந்தியபடியே தலையைத் தாழ்த்தினால் வெளியே தெரியும். வெளியே என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பானைகளுக்கு நடுவே ஒரு சாண் சாணித்தரை, வாசற்படியின் அடிப்பாகம், அதற்கப்பால் செம்மணலில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும் வெயில். "அடிவாய்த் துணிய எடுத்துக்கிடுங்கய்யா, மூச்சு முட்டாது. ஆள் சத்தம் கேட்டா அடச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மதுரத்தாய் ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று அவன் கேட்கவில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது. ஏணி இல்லாமல் இதிலிருந்து ஏற முடியாது. கையைத் தூக்கினால் விளிம்பு எட்டுகிறது, பிடித்துத் தொங்கினால் விளிம்பு கையோடு வந்துவிடும். காலையில் நடந்ததை அவன் தனக்கே சொல்லிப் பார்த்தான். சபை மூப்பர் பரமானந்தத்தின் ஆட்கள் நாலு பேர், அரம்போல் பல் வைத்த பனங்கருக்குமட்டையோடு வந்தார்கள். அவன் தங்கியிருந்த ஓலைக் கொட்டகையின் பின்பக்கமாக வெளியேறினான். வெளியேறினான் என்பது பிரசங்கத்தில் சொல்கிற வார்த்தை. ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினான். அவன் வருகிற சத்தம் கேட்டு ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டது. சாத்தாமல் நின்றது மதுரத்தாய் வீடு ஒன்றுதான்.

இது அஞ்ஞானிகள் ஊராக இருந்திருந்தால் கதையே வேறு. அந்த எதிர்ப்பு அவனுக்குப் பழக்கம். பழக்கம் என்ன, பிழைப்பே அதுதான். மேற்கே ஓர் ஊரில் அவன் வாயைத் திறந்ததும் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள், மூடியதும் நிறுத்தினார்கள், மறுபடி திறந்ததும் மறுபடி தட்டினார்கள். இன்னோர் ஊரில் சாணியைக் கரைத்துத் தலையில் ஊற்றினார்கள். ஒரு சந்தையில் கழுதைக்கு மாலை போட்டு அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழுதை சமர்த்தாகக் கடைசி ஜெபம்வரை நின்றது, அன்று அவனே சிரித்துவிட்டான். ஒவ்வோர் ஊரில் பட்ட பாடும் அடுத்த ஊருக்குப் பிரசங்கமாயிற்று. பாடு பட்டவன் சொல்கிறான் என்றால் கூட்டம் இளகும். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது அவனுக்கு, இரண்டு விரற்கடை நீளம். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் தலைப்பாகையைச் சற்றே மேலே தள்ளுவான், அவ்வளவுதான், ஒன்றும் சொல்ல மாட்டான். முன்வரிசையில் யாராவது பெண் பிள்ளை மூக்கைச் சிந்துவாள். அப்புறம் கூட்டம் முடிந்து கேட்பார்கள், கல்லாய்யா என்று. அவன் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை, வானத்தைப் பார்ப்பான். கல்லே கிடையாது. முதன்முதலாகத் தெருவில் நின்று பிரசங்கித்த அன்றைக்கு, நாலாவது வாக்கியத்தில், கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ "அடிங்கலே அவன" என்றான். சொன்னவன் யாரென்றுகூடத் தெரியாது, வேடிக்கைக்குச் சொல்லியிருக்கலாம். இவன் திரும்பி ஓடினான். ஒரு தாழ்ந்த வீட்டின் நிலைப்படியில் நெற்றி மோதி விழுந்தான். அந்த வீட்டுக்காரர்களே மஞ்சளைப் பற்றுப் போட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்கள். பேச்சுப் பல்லக்கு, தம்பி பொடிநடை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. கையை உயர்த்தித் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். வியர்வையில் வழுக்கியது.

மதுரத்தாய் தண்ணீர் கொடுத்தாளே, அது எவ்வளவு நேரத்துக்கு முன்னால்? ஒரு நாழிகை இருக்குமா? நிழல் நகர்வதைப் பார்க்க முடிந்தால் சொல்லலாம், இங்கே நிழல்தான் எல்லாம். அடிவாய் வழியாக ஒரு சிரட்டையைச் சாய்த்துப் பிடித்தாள், அவன் உள்ளேயிருந்து கையைக் குவித்து ஏந்திக் குடித்தான். மூன்று நாள் கத்திய தொண்டை, காலையில் காற்றுதான் வந்தது. தண்ணீர் இறங்கியதும் "போதும் தாயே" என்றான், குரல் தெளிவாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். "தொண்ட தெறந்திட்டே ஐயா" என்றாள். பிறகு போகாமல் அங்கேயே குந்தியிருந்தாள். அவள் காலும் பழைய சேலையின் கரையும் மட்டும் தெரிந்தன. "நேத்துத்தான்ய்யா தூங்குனேன். பதினோரு வருசம் கழிச்சு. ஈசாக்கு இருந்தா நம்பியே இருக்கமாட்டாவ. நடுராத்திரி எந்திச்சி உக்காந்திருப்பேன்லா, என்ன புள்ள என்ன புள்ளம்பாவ. நேத்துப் படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும்." அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல்வலி நின்றதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். புருஷன் ஈசாக்கு தெற்கே பனை ஏறப் போயிருக்கிறான், நாளை சனிக்கிழமைதான் வருவான். வந்ததும் அவனுக்கும் சொல்ல வேண்டும், கேட்டு அடித்தாலும் அடிக்கட்டும் என்றாள். அவள் எழுந்து போனபிறகு வேதக்கண் குலுக்கைச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். உட்பக்கம் வழவழப்பாக இல்லை. வரி வரியாக மண்ணை ஏற்றி, ஒரு வரி காய்ந்தபின் அடுத்த வரி என்று வனைந்திருக்கிறாள். ஒவ்வொரு வரியிலும் அவள் விரல்கள் அழுத்திய பள்ளம் நாலு நாலாக இருந்தது. அவன் தன் விரல்களை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். அவளுடையவை சிறிய விரல்கள், அவனுடையவை பொருந்தவில்லை. எப்போது செய்திருப்பாள் இதை? கல்யாணமாகி வந்த வருஷமாக இருக்கும். அப்படியென்றால் அந்தச் சத்தியம் செய்த கை இது. கையை எடுத்துக்கொண்டான்.

சத்தியம். எங்கே சுற்றினாலும் மனசு அங்கே வந்து நிற்கிறது, செக்குமாடு மாதிரி. முந்தாநாள் மத்தியானம் அவள் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே சொன்னாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூப்பருடைய கருப்பட்டிக் கொட்டில் எரிந்துபோயிற்று. சீமோன் என்ற பனையேறிதான் எரியும் ஓலைச் சூட்டோடு அந்தப் பக்கம் போனான், என் கண்ணால் பார்த்தேன் என்று இவள் கோயிலில் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். பார்க்கவில்லை. மூப்பர் சொல்லச் சொன்னார், சொன்னாள். அவளுடைய கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்க விடாமல் மூப்பர் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் கல்யாணம் கிடையாது. சத்தியம் செய்த அடுத்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள். சீமோனைச் சபையிலிருந்து தள்ளினார்கள், ஊரார் கிணற்றிலிருந்தும் தள்ளினார்கள். அவன் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக்கென்று புறப்பட்டான், கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே கடற்கரையில் காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய ஏழு பனை இப்போது மூப்பர் பனையோடு நிற்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு வேதக்கண் என்ன சொன்னான்? ஒளித்த பாவம் மன்னிக்கப்படாது, சபை நடுவே எழுந்து நின்று சொல்லு என்றான். அது எல்லாரிடமும் சொல்வதுதான். அவள் தலையை ஆட்டினாள். திரும்பினாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள். அப்போது அவன் கூப்பிட்டு, "மூப்பர் பேரையும் சொல்லணும் தாயே. பேரைச் சொல்லாத அறிக்கை பாதி அறிக்கை" என்றான். அங்கேதான். அந்த இரண்டு எட்டுக்கும் கூப்பிட்டதற்கும் நடுவே என்ன நடந்தது என்று எத்தனை தரம் பார்த்தாலும் தெரியவில்லை. ஆவியானவர் சொல்லச் சொன்னாரா? அல்லது, வந்த அன்றே அவன் கோயில் சாவியைக் கேட்கப் போனபோது மூப்பர் அவனை முற்றத்தில் நிறுத்திவைத்துப் பல் துலக்கி முடித்தாரே, அது சொல்லச் சொன்னதா?

பல் துலக்கினார். கரித்தூளை வைத்து, நிதானமாக, ஒவ்வொரு பல்லாக. வாய் கொப்பளித்துத் துப்பியபின் சொன்னார், "தொரை கடுதாசி போட்ருக்காவ. ஆடுதது, அலறுதது, தரையில உருளுதது நம்ம சபைக்கு ஆகாதாம். சாவி கெடையாதுவே." மிஷன் துரையின் சுற்றுக்கடிதம் எல்லாச் சபைக்கும் போயிருந்தது உண்மை. மற்ற ஊர்களில் உபதேசிமார் அதைச் சொல்லிவிட்டு வருத்தப்படுவார்கள், போகிறபோது ஒரு சொம்பு பதநீராவது கொடுப்பார்கள். இவர் "வே" என்றார். நாற்பது வயது மனிதனை, ஊரெல்லாம் ஐயா என்கிறவனை. வேதக்கண் புளியமரத்தடியில் கூட்டம் வைத்தான். அப்புறம் இவள் வந்தாள், அப்புறம் இவன் பேரைச் சொல்லு என்றான். இல்லை, இப்படிப் பார்க்கக்கூடாது. பேரைச் சொல்லாவிட்டால் செத்துப்போன சீமோனுக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்? இதுவும் சரிதான். ஆனால் சீமோனை அவன் அந்த நிமிஷம் நினைத்தானா? நினைத்தது பல் துலக்கிய வாயை. நேற்று சாயங்காலம் மரத்தடியில் அவள் எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொன்னபோது கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. பேரைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எல்லாரும் சீமோனின் தாயைத்தான் பார்த்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை, மயங்கவில்லை. எழுந்து வந்து மதுரத்தாயின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள், பார்த்துவிட்டு, "இத அவன் இருக்கப்பவே சொல்லியிருக்கலாமே மக்கா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். மதுரத்தாய் அங்கேயே உட்கார்ந்து மணலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் வேதக்கண் என்ன செய்தான்? கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மூப்பரின் முகத்தைத் தேடினான். கண்டுபிடித்தான். சந்தோஷமாக இருந்தது. அதை எந்தப் பேரைச் சொல்லி அழைத்தாலும் அது சந்தோஷம்தான். அல்லேலூயா என்று கூவினான்கூட.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. இப்போது ஓணான் வேலைசெய்கிறது. கால் மரத்துவிட்டது. ஒரு காலை மடக்கி மறு காலை நிமிர்த்துவதற்குள் முழங்கை சுவரில் இடித்து மண் உதிர்ந்தது, அந்தச் சத்தம் உள்ளே பெரிதாகக் கேட்டது. வெளியே கேட்டிருக்குமா? ஒரு கோழி வந்து அடிவாயில் தலையை நுழைத்து அவனைப் பார்த்தது. சிவப்புக் கொண்டை, ஒரு கண். போ, போ என்று உதட்டை மட்டும் அசைத்தான். அது கழுத்தைச் சாய்த்து யோசித்துவிட்டு, உள்ளே கிடந்த ஒரு கம்பு மணியைக் கொத்திக்கொண்டு போயிற்று. பசித்தது. பசிப்பதற்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தால் போதும். இருட்டியதும் வடக்கே பனைவிளைக்குள் ஒற்றையடிப் பாதை இருக்கிறதாம், அவள் சொன்னாள். பிறகு அடுத்த ஊர். அடுத்த ஊரில் இதைச் சொல்ல முடியுமா? குலுக்கையில் ஒளித்தார்கள் என்று சொல்லலாம். சொல்லும்போது எந்த இடத்தில் தலைப்பாகையைத் தள்ள வேண்டும் என்றுகூட மனசு பார்த்துவிட்டது. சீ என்று தன்னைத்தானே காறித் துப்ப நினைத்தான், உள்ளே துப்ப இடமில்லை. தானியம் வைக்கிற இடம்.

அப்போது கால்கள் வந்தன. முதலில் சத்தம், மணலில் சருக் சருக்கென்று. துணிப்பந்தை எடுத்து அடைத்திருக்க வேண்டும். கை அதைப் பிடித்தது, ஆனால் அடைக்கவில்லை, பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடப் பயம். வாசற்படிக்கு வெளியே நாலு ஜோடி வெறுங்கால்கள், மரமேறி மரமேறிப் பாதம் பரந்து, உள்ளங்கால் பிளந்த கால்கள். அவற்றின் பக்கத்தில் கருக்குமட்டையின் பல் தெரிந்தது. ஒரு ஜோடித் தோல் செருப்பு, கிறீச்சென்று சத்தமிடுவது, அது உபதேசியாருடையது. நடுவே பூண் போட்ட கைத்தடி, அதை ஒட்டி இரண்டு சுத்தமான கால்கள். மூப்பர் படியேறவில்லை. மதுரத்தாய் அடுப்பிலிருந்து எழுந்து வந்து பானைகளுக்கு முன்னால் நின்றாள். அவள் குதிகால் அவன் கண்ணிலிருந்து மூன்று முழம்கூட இல்லை. "ஏளா மதுரம், கஞ்சி குடிச்சியா?" என்றார் மூப்பர். அந்தக் குரலில் கோபமே இல்லை. "குடிச்சேன் மாமா." "ஈசாக்கு எப்ப வாரான்?" "நாளைக்குப் பொழுதடைய." "வரட்டும். அவன் ஏறுத முப்பது பனையும் எம் பனை. அதப் பத்தி நான் ஒரு வார்த்த பேசுனனா? பேசமாட்டேன்." கைத்தடி மணலில் ஒரு கோடு இழுத்தது, அதை அழித்தது. "அந்தப் பிரசங்கி சொல்லிக் குடுத்ததத்தான நேத்து நீ சொன்ன?" அவள் ஆமென்றால் அவளுக்கு எல்லாம் சுளுவாக முடிந்துவிடும். பனை நிலைக்கும், கிணறு நிலைக்கும். அவள் ஆமென்று சொல்லிவிட மாட்டாளா என்று அவன் எதிர்பார்த்தானா, பயந்தானா, இரண்டும்தான். "இல்ல மாமா. நடந்ததச் சொன்னேன்" என்றாள் மதுரத்தாய்.

உபதேசியாரின் செருப்பு இடம் மாறியது. "சரி, அத அவன் வாயாலயே கேட்டுக்கிடுதோம்" என்றார் மூப்பர். "ஞாயித்துக்கிழம சபைக்கு முன்னால நிக்கட்டும். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லட்டும். போயிரலாம், நாங்க அவன என்ன செய்யப்போறோம். இந்தப் பக்கம் ஓடியாந்ததப் பாத்திருக்காவ. எங்க அவன்?" "இங்க இல்ல மாமா." "ஆம்பள இல்லாத வீட்டுக்குள்ள நொழஞ்சு தேடுத வழக்கம் நம்ம ஊர்ல இல்ல. உபதேசியாரே, புஸ்தகத்த எடும்." துணி அவிழ்க்கிற சத்தம். கோயிலில் சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கிற பெரிய வேதப்புத்தகம், அது ஒன்றுதான் இந்த ஊரில் சத்தியத்துக்கு எடுப்பது. பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் அதே துணியைத்தான் அவிழ்த்திருப்பார்கள். "தொட்டுச் சொல்லுளா. அவன் இந்த வீட்ல இல்லன்னு ஒரு வார்த்த. நாங்க நம்பிக்கிட்டுப் போயிருதோம்." உபதேசியார் மெல்ல, "மூப்பரய்யா, இது வேண்டாமே" என்றார். "நீரு பிடியும்."

வேதக்கண்ணுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. இங்கே இருக்கேன். அவள் தொடுவதற்கு முன்னால் சொன்னால் போதும், அவள் மறுபடி அந்தப் புத்தகத்தில் பொய்யாகக் கை வைக்க வேண்டியதில்லை. ஒளித்து வைத்ததற்கு ஏசுவார்கள், அவ்வளவுதான். அடி தனக்கு. அதுவும் சாகிற அடி இல்லை, கருக்குமட்டை சதையைக் கிழிக்கும், ஒரு மாதத்தில் ஆறும், அப்புறம் உண்மையான தழும்பே இருக்கும். பத்து வருஷமாக ஆண்டவரே உமக்காகப் பாடுபட அனுமதியும் என்று ஜெபித்ததற்குப் பதில் வாசலில் நிற்கிறது, நாலு ஜோடிக் காலோடு. வாயைத் திறந்தான். காற்று வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தான், மூன்று நாள் பிரசங்கம். போதும் தாயே என்று சொன்னது ஞாபகம் வந்தது, தொண்ட தெறந்திட்டே ஐயா என்று அவள் சொன்னதும். மறுபடி திறந்தான். கருக்குமட்டையின் பல் வெயிலில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நிற்கும்போது, நீ சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்பார்கள். இல்லை, பேரைச் சொல்லச் சொன்னது மட்டும் நான் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஏன் சொல்லச் சொன்னாய் என்பார்கள். பல் துலக்கினார் என்று சொல்வதா? அல்லது அடிக்குப் பயந்து, ஆமாம் எல்லாம் நான் கட்டிக்கொடுத்த கதை என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிடுவான். அது அவனுக்குத் தெரியும். நிலைப்படியில் மோதிய நெற்றிக்குத் தெரியும். ஆகையால் பேசாமல் இருப்பதுதான் அவளுக்கும் நல்லது என்று மனசு எவ்வளவு வேகமாக ஒரு வழி கண்டுபிடித்தது. வெளியே அவள் இன்னும் புத்தகத்தைத் தொடவில்லை. அவள் கால்களைப் பார்த்தான். வலது குதிகாலை இடது புறங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கால்கள் மெதுவாகத் திரும்பின. வாசலைப் பார்த்து நின்றவள் பானைப் பக்கம் திரும்பி, குலுக்கையைப் பார்த்து நின்றாள். "என்னளா, அங்க என்ன?" "ஒண்ணுமில்ல மாமா. கையக் கழுவிக்கிடுதேன்." பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். ஒரு கையைக் கழுவினாள், மறு கையைக் கழுவினாள். மறுபடி முதல் கையைக் கழுவினாள். சாணித்தரையில் தண்ணீர் ஓடி வந்து அடிவாயின் விளிம்பைத் தொட்டது. இவ்வளவு நேரம் யாரும் கை கழுவுவதில்லை. அவள் அவனுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது தெரிந்தது. தெரிந்தது என்பதை எந்தக் காலத்திலும் அவனால் இல்லையென்று சொல்ல முடியாது. அவன் வாய் திறந்தே இருந்தது. கால்கள் வாசலுக்குத் திரும்பிப் போயின.

"வேதத்தத் தொட்டுச் சொல்லுதேன். அவரு இந்த வீட்ல இல்ல" என்றாள்.

மூப்பர் உடனே போகவில்லை, அவருக்கே அந்தச் சத்தியம் என்னவோ செய்திருக்க வேண்டும், கைத்தடியை இடது கைக்கு மாற்றினார். "சரி" என்றார். உபதேசியார் துணியைச் சுற்றினார், சுற்றத் தெரியாதவர்போல நெடுநேரம் சுற்றினார். சருக் சருக்கென்று கால்கள் போயின, வெயில் மட்டும் மிஞ்சியது. வேதக்கண் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். இப்போது கத்தலாம், இப்போது குரல் வரும், அதுவும் நன்றாகவே வரும், புளியமரத்தடியில் கடைசி வரிசைவரை கேட்ட குரல். ஆனால் இப்போது கத்தினால், அல்லது குலுக்கையை உடைத்துக்கொண்டு தெருவில் போய் நின்றால், அடுத்த நிமிஷமே அவளுடைய சத்தியம் பொய்யென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய், அப்படியானால் நேற்று மரத்தடியில் சொன்னதும் பொய்தான் என்பார்கள். சீமோன் மறுபடி கொட்டிலைக் கொளுத்தியவனாகிவிடுவான். ஒரு நொடி முன்னால் பேசியிருந்தால் அடி அவனோடு போயிருக்கும். ஒரு நொடி கழித்துப் பேசினால் அது அவள் தலையில் விழும். இனி அவன் நல்லவனாக நடந்தாலும் அவளுக்குத்தான் கேடு. இருட்டியதும் போய்விடுவது ஒன்றுதான் அவளுக்குச் செய்யக்கூடிய உபகாரம், அதாவது ஓடுவது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த காரியம். அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதான், அதுவும் அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டான், பிறகு அப்படி நினைப்பதை நிறுத்திக்கொண்டான்.

அவள் வந்தாள். பானையை நகர்த்திவிட்டு அடிவாய்க்கு முன்னால் குந்தினாள். கழுவிய கைகள் முழங்கால்மேல் கிடந்தன, விரல்கள் இன்னும் ஈரமாக இருந்தன. சிறிய விரல்கள்.

"போயிட்டாவ ஐயா."

"ம்" என்றான்.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம் தாயே."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. இருவருக்கும் அது கேட்டது. அவள் தரையில் கிடந்த ஒரு கம்பு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"பேரச் சொல்லாத அறிக்க பாதி அறிக்கன்னு சொன்னீயளே ஐயா. இப்ப செஞ்சதுக்கு நான் யாரு பேரச் சொல்லணும்?"

அவன் தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள், கை கழுவிக்கொண்டு காத்திருந்த அதே அளவு நேரம் இருக்கும். பிறகு உள்ளே கையை விட்டுத் துணிப்பந்தை எடுத்து அடிவாயை வெளியிலிருந்து அடைத்தாள்.